ஐஜிசிஎஸ்இ, ஐபி பள்ளிச் சொற்களைப் படிக்கும் முறை: மதுரைப் பெற்றோருக்கு

கேம்பிரிட்ஜின் ஐஜிசிஎஸ்இ, 'இன்டர்நேஷனல் பாக்கலோரியேட்' எனும் ஐபி போன்ற பன்னாட்டுப் பாடத்திட்டப் பள்ளியில் பிள்ளையைச் சேர்த்த முதல் மாதமே, பெற்றோர் கூட்டத்தில் புதுப்புதுச் சொற்கள் சரமாரியாக வந்து விழும். எல்லாவற்றையும் நோட்டில் எழுதி மனப்பாடம் செய்யத் தேவையில்லை. பிள்ளையின் மார்க்கையும், பிறகு சேரப்போகும் கல்லூரியையும் தீர்மானிப்பவை ஏழெட்டுச் சொற்கள்தான். அவை ஒவ்வொன்றுக்குப் பின்னாலும் ஒரு முடிவு இருக்கிறது. அந்த முடிவுக்கு ஒரு கடைசித் தேதியும் இருக்கிறது. அவற்றை மட்டும் பிடித்துக்கொண்டால் மீதி தானாகப் பழகிவிடும்.

பெயர்ப்பலகையை நம்ப வேண்டாம்

மேலூர் ரோடு, திருமங்கலம் ரோடு, அழகர்கோவில் ரோடு என்று எந்தப் பக்கம் போனாலும் பெயரில் 'இன்டர்நேஷனல்' சேர்த்த பள்ளி கண்ணில் படும். அவற்றில் பல சிபிஎஸ்இ பாடம் நடத்துபவை. அதில் குறையொன்றும் இல்லை. கட்டணம் கட்டுமுன் தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். கேம்பிரிட்ஜ் பள்ளி என்றால் அதற்கு ஒரு மைய எண் உண்டு. அதில் இரண்டு ஆங்கில எழுத்தும் அதன் பின் மூன்று இலக்கமும் இருக்கும். ஐபி பள்ளி என்றால் ஆறு இலக்கப் பள்ளிக் குறியீடு. இரண்டு அமைப்புகளின் இணையதளத்திலும் பள்ளியின் பெயரைப் போட்டுத் தேடலாம்.

ஐபியில் 'கேண்டிடேட் ஸ்கூல்' என்று ஒரு நிலை இருக்கிறது. அனுமதிக்கான ஏற்பாட்டில் இருக்கும் பள்ளி என்று அர்த்தம்; அனுமதி இன்னும் வரவில்லை. அனுமதி கிடைத்த பள்ளியே 'வேர்ல்டு ஸ்கூல்'. அந்த அனுமதியும் படிப்புவாரியாகத் தனித்தனியே தரப்படுவது. தொடக்க வகுப்புகளுக்கு அனுமதி உள்ள பள்ளியில் பதினொன்று, பன்னிரண்டுக்கும் இருக்கும் என்று எடுத்துக்கொள்ள முடியாது. ஐந்தாம் வகுப்பு வரை ஐபி, பிறகு ஐஜிசிஎஸ்இ, கடைசி இரண்டு வருடம் மறுபடி ஐபி என்று கலந்து நடத்தும் பள்ளிகளும் உண்டு. ஆகவே அட்மிஷன் மேசையில் கேட்க வேண்டிய முதல் கேள்வி: "பன்னிரண்டு முடிக்கும்போது எந்த அமைப்பு சர்டிஃபிகேட் தரும்? அதற்கு இன்றைக்கு அனுமதி இருக்கிறதா?"

படிநிலைகளைச் சுருக்கமாகச் சொன்னால்: கேம்பிரிட்ஜில் பிரைமரி, லோயர் செகண்டரி, பத்தாம் வகுப்புக்கு ஈடான ஐஜிசிஎஸ்இ, அதன்பின் பதினொன்று, பன்னிரண்டுக்கு ஈடான ஏஎஸ் மற்றும் ஏ லெவல். முதல் இரண்டின் முடிவில் வரும் 'செக்பாயின்ட்' பிள்ளை எங்கே நிற்கிறது என்று காட்டும் சோதனைதான். அதற்காக டியூஷன் வைப்பது வீண் செலவு. ஐபியில் பிஒய்பி (தொடக்க நிலை) 3 முதல் 12 வயது, எம்ஒய்பி (நடுநிலை) 11 முதல் 16, டிபி (டிப்ளமா) 16 முதல் 19.

கோர், எக்ஸ்டென்டட்

ஐஜிசிஎஸ்இயில் மிக முக்கியமான இரண்டு சொற்கள் இவை. கணிதம், இயற்பியல், வேதியியல், உயிரியல் போன்ற பாடங்களில் தேர்வு இரண்டு மட்டத்தில் நடக்கிறது. கோர் எழுதும் பிள்ளை எல்லாக் கேள்விக்கும் சரியாக விடை எழுதினாலும் சி கிரேடுக்கு மேல் கிடைக்காது. எக்ஸ்டென்டட் எழுதினால் கணிதத்தில் ஏ ஸ்டார் முதல் இ வரை, அறிவியல் பாடங்களில் ஏ ஸ்டார் முதல் ஜி வரை கிடைக்கும். அதற்கும் கீழே இறங்கினால் 'யு', அதாவது கிரேடே இல்லை. அறிவியலோ கணிதமோ தொடர்ந்து படிக்கப் போகிற பிள்ளை எக்ஸ்டென்டட்தான் எடுக்க வேண்டும். கணிதத்தில் மூச்சு முட்டும் பிள்ளையைப் பக்கத்து வீட்டுக்காரர் என்ன நினைப்பாரோ என்று எக்ஸ்டென்டட்டில் தள்ளி 'யு' வாங்க வைப்பதைவிட, கோரில் சி வாங்க வைப்பது புத்திசாலித்தனம்.

அறிவியலில் இன்னொரு இடறல் உண்டு. 'கம்பைன்டு சயின்ஸ்' (0653) மூன்று அறிவியலையும் சேர்த்து ஒரே பாடமாகக் கணக்காகும். 'கோ-ஆர்டினேட்டட் சயின்சஸ்' (0654) இரண்டு பாடத்துக்குச் சமம். இயற்பியல் 0625, வேதியியல் 0620, உயிரியல் 0610 என்று தனித்தனியாக எடுத்தால் மூன்று பாடம். டாக்டர், இன்ஜினியர் கனவு இருக்கிற வீட்டில் கம்பைன்டு சயின்ஸுக்குச் சம்மதித்துவிட்டு, பதினொன்றாம் வகுப்பில் அடித்தளம் போதவில்லை என்று தவிப்பது நடக்கிறது. எட்டாம் வகுப்பு முடிவிலேயே இதைக் கேட்டுவிடுங்கள்.

சிலபஸ் என்பதை நம் ஊரில் 'போர்ஷன்' என்ற அளவில்தான் புரிந்துகொள்கிறோம். கேம்பிரிட்ஜில் அதுதான் சட்டப் புத்தகம். பாடநூல் வெறும் உதவிக்கு. நூறு பக்கத்துக்குள் அடங்கும் அந்தக் கோப்பை இறக்கி, ஜெராக்ஸ் கடையில் ஸ்பைரல் போட்டு வீட்டில் ஒன்று, டியூஷன் மாஸ்டர் கையில் ஒன்று கொடுங்கள். அறிவியல் சிலபஸில் இடப்பக்கம் கோர், வலப்பக்கம் 'சப்ளிமென்ட்' என்று இரண்டு பத்திகள் இருக்கும். எக்ஸ்டென்டட் பிள்ளைக்கு இரண்டுமே பாடம். பிளஸ் டூ இயற்பியலில் கெட்டிக்கார மாஸ்டர்கள் மதுரையில் நிறையப் பேர் இருக்கிறார்கள். சிலபஸ் கையில் இல்லாவிட்டால் அவர்களும் தேவையில்லாததை ஆழமாக நடத்தி, தேவையானதை விட்டுவிடுவார்கள்.

பழைய வினாத்தாளின் எண்ணைப் படிப்பது

வினாத்தாளின் மேல் மூலையில் 0625/42/எஃப்/எம்/24 என்பதுபோல் ஒரு குறியீடு இருக்கும். 0625 பாடம். 42 என்பதை நாற்பத்திரண்டு என்று படிக்கக் கூடாது: 4 எந்தத் தாள், 2 அந்தத் தாளின் எந்த வடிவம். எஃப்/எம் என்றால் பிப்ரவரி–மார்ச் தேர்வு; இது இந்தியப் பள்ளிகளுக்காக நடப்பது. எம்/ஜே மே–ஜூன், ஓ/என் அக்டோபர்–நவம்பர். கடைசி எண் வருடம்.

இயற்பியலில் எக்ஸ்டென்டட் பிள்ளை எழுதுவது தாள் 2 (கொள்குறி வினா, 30 சதவீதம்), தாள் 4 (எழுத்துத் தேர்வு, 50 சதவீதம்), அதோடு தாள் 5 அல்லது 6 (20 சதவீதம்). 5 ஆய்வகத்தில் செய்முறை. 6 'ஆல்டர்நேட்டிவ் டு பிராக்டிகல்', செய்முறையைப் பற்றிய எழுத்துத் தேர்வு. தாள் 6 எழுதுகிற பள்ளி ஆய்வகத்தையே மறந்துவிட்டால் பிள்ளை மாட்டிக்கொள்ளும். அளவுகோலை எங்கே வைத்துப் படிப்பது, எந்தப் பிழை எதனால் வந்தது என்று கேட்கும் தாள் அது. கையால் செய்து பார்க்காமல் எழுத வராது.

கணிதத்தில் (0580) 2025 தேர்விலிருந்து அமைப்பு மாறிவிட்டது. எக்ஸ்டென்டட் பிள்ளைக்குத் தாள் 2 கால்குலேட்டர் இல்லாமல், தாள் 4 கால்குலேட்டரோடு. அதற்கு முந்தைய வருடத்துத் தாள்களில் இரண்டுக்குமே கால்குலேட்டர் உண்டு. கட்டுக்கட்டாகப் பழைய தாள் வாங்கிப் போட்டுவிட்டு, தாள் 2-ஐயும் கால்குலேட்டர் வைத்தே பழகிய பிள்ளை தேர்வறையில் தடுமாறும். எந்த சிலபஸின் அட்டையிலும் அது எந்த வருடத் தேர்வுகளுக்கு உரியது என்று அச்சிட்டிருக்கும். ஐபியின் சிலபஸான 'கைட்'களில் அதே இடத்தில் 'ஃபர்ஸ்ட் அசெஸ்மென்ட்' என்று வருடம் இருக்கும். அதைப் பார்க்காமல் எதையும் பிரிண்ட் எடுக்காதீர்கள்.

விடைக்குறிப்பான 'மார்க் ஸ்கீம்' தாளில் எம்1, ஏ1, பி1 என்று வரும். எம் வழிமுறைக்கு, ஏ அந்த வழிமுறையில் வந்த சரியான விடைக்கு, பி இரண்டையும் சாராத தனி மார்க்கு. 'எஃப்டி' என்றால் முந்தைய படியில் தவறினாலும் அந்தத் தவறான எண்ணை வைத்து ஒழுங்காகத் தொடர்ந்தால் மார்க் உண்டு. மனக்கணக்கில் கெட்டியான பிள்ளைகள் விடையை மட்டும் எழுதி, அது தவறாகிப்போனால் எம் மார்க்கையும் சேர்த்து இழப்பது இங்கேதான்.

நூற்றுக்கு எழுபது என்றால் என்ன கிரேடு?

சொல்ல முடியாது என்பதுதான் சரியான பதில். ஒவ்வொரு தேர்வுக்கும் தாள் கடினமா எளிதா என்று பார்த்து எல்லை வைக்கிறார்கள். அதன் பெயர் 'கிரேடு த்ரெஷோல்டு'. ரிசல்ட் தாளில் கிரேடுக்குப் பக்கத்தில் வரும் 'பெர்சன்டேஜ் யூனிஃபார்ம் மார்க்' பிள்ளை எழுதிய அசல் மார்க் இல்லை. எல்லைகளை ஒரே அளவுக்கு நீட்டிச் சுருக்கியது அது: ஏ ஸ்டார் 90 முதல், ஏ 80 முதல், பி 70 முதல், சி 60 முதல் என்று போகும். இங்கே சதவீதம் கேட்கும் இடங்களில் இந்த எண் உதவும். அது ரிசல்ட் தாளில்தான் வரும், சர்டிஃபிகேட்டில் வராது; ஆகவே அந்தத் தாளைப் பத்திரமாக வையுங்கள்.

எம்ஒய்பி ரிப்போர்ட் கார்டு இன்னும் குழப்பும். ஒவ்வொரு பாடத்திலும் ஏ, பி, சி, டி என்று நான்கு 'கிரைட்டீரியா'. இவை கிரேடுகள் அல்ல, நான்கு திறன்கள். ஒவ்வொன்றுக்கும் 8 வரை, மொத்தம் 32. ஒரு பிள்ளைக்கு 6, 5, 7, 4 என்றால் கூட்டு 22. அட்டவணைப்படி 19 முதல் 23 வரை 5-ஆம் கிரேடு. 24 முதல் 27 வரை 6. 28-உம் அதற்கு மேலும் 7. உடனே 22-ஐ 32-ஆல் வகுத்து 69 சதவீதம் என்று முகம் சுளிக்க வேண்டாம். 7-க்கு 5 நல்ல கிரேடுதான். அந்த 6, 5, 7, 4-உம் வருடம் முழுக்க வாங்கியவற்றின் சராசரி இல்லை. பிள்ளை இப்போது எந்த மட்டத்தில் நிலையாக இருக்கிறது என்று ஆசிரியர் தீர்மானிப்பது. 'பெஸ்ட் ஃபிட்' என்பார்கள். கூட்டத்தில் "ஏன் மார்க் குறைந்தது" என்று கேட்டால் பொதுவான பதில்தான் வரும். "டி-யில் ஏன் 4? 5-க்கு என்ன எழுதியிருக்க வேண்டும்?" என்று கேளுங்கள், ஆசிரியர் நோட்டைத் திறப்பார்.

டிப்ளமா: 24 வாங்கினாலும் கிடைக்காமல் போவது

டிபியில் ஆறு பாடம். மூன்று 'ஹெச்எல்' எனும் உயர் மட்டம் (240 மணி நேரம்), மூன்று 'எஸ்எல்' எனும் வழக்கமான மட்டம் (150 மணி நேரம்). நான்கு ஹெச்எல் எடுக்கவும் விதி உண்டு, பெரும்பாலான பிள்ளைகளுக்கு அது வேண்டாத சுமை. பாடத்துக்கு 7 வீதம் 42. 'டிஓகே' எனும் அறிவுக் கோட்பாடும், 4000 சொல்லுக்கு மிகாத 'எக்ஸ்டென்டட் எஸ்ஸே'யும் சேர்ந்து 3 வரை போனஸ். ஆக 45. 'காஸ்' என்ற படைப்பு, உடலியக்க, சேவைச் செயல்பாடுகளுக்கு மார்க் கிடையாது, ஆனால் முடிக்காவிட்டால் டிப்ளமாவும் கிடையாது. பதினெட்டு மாதம் தொடர்ந்து செய்ய வேண்டியதை, கடைசி மாதம் வைகைக் கரையில் குப்பை பொறுக்கிப் போட்டோ எடுத்துச் சமாளிக்க முடியாது.

பாஸ் மார்க் 24 என்று எல்லாரும் சொல்வார்கள். முழுமையான விதி அதைவிட நீளம்: ஹெச்எல் பாடங்களில் 12-க்குக் குறையக் கூடாது, எஸ்எல் பாடங்களில் 9-க்குக் குறையக் கூடாது, எதிலும் 1 வரக் கூடாது, 2 என்பது இரண்டு பாடத்துக்கு மேல் கூடாது, 3-உம் அதற்குக் கீழும் மூன்று பாடத்துக்கு மேல் கூடாது, டிஓகேயிலோ எஸ்ஸேயிலோ 'இ' கூடாது. ஒரு கணக்கைப் பாருங்கள். ஹெச்எல் 4, 4, 3. எஸ்எல் 5, 5, 4. போனஸ் 1. கூட்டினால் 26, ஆனாலும் டிப்ளமா இல்லை, ஏனென்றால் ஹெச்எல் கூட்டு 11. எந்த மூன்று பாடம் ஹெச்எல் என்ற முடிவு அவ்வளவு கனமானது. ஹெச்எல்லிலிருந்து எஸ்எல்லுக்கு மாறப் பள்ளி எந்த மாதம் வரை விடும் என்பதைச் சேரும் நாளிலேயே எழுதி வாங்குங்கள்.

'ஐஏ' (இன்டர்னல் அசெஸ்மென்ட்) என்றதும் பிளஸ் டூவில் எல்லாருக்கும் பத்துக்குப் பத்து விழும் இன்டர்னல் மார்க் நினைவுக்கு வரும். இது அதுவல்ல. கணிதத்திலும் அறிவியலிலும் 20 சதவீதம். பிள்ளையே கேள்வி அமைத்து, தரவு சேர்த்து, எழுதித் தர வேண்டும். கணித 'எக்ஸ்ப்ளொரேஷன்' 12 முதல் 20 பக்கம். பள்ளி போட்ட மார்க்கை ஐபி மாதிரிகளை வாங்கிப் பார்த்துக் கூட்டும் குறைக்கும், அதுதான் 'மாடரேஷன்'. தலைப்பைப் பெரிதாக எடுப்பதுதான் வழக்கமான தவறு. 'வைகை மாசுபாடு' என்று எடுத்தால் எங்கும் போய்ச் சேராது. ஒரே ஆழத்தில், ஒரே நேரத்தில், பாலத்துக்கு மேலும் கீழும் எடுத்த நீரில் கரைந்த ஆக்சிஜன் எவ்வளவு மாறுகிறது என்று எடுத்தால் அளக்க முடியும், பிழையைப் பற்றிப் பேச முடியும், மார்க் அங்கேதான் இருக்கிறது. செயற்கை நுண்ணறிவின் உதவி எடுத்திருந்தால் அதையும் மேற்கோளாகக் காட்ட வேண்டும் என்பது ஐபி விதி, மறைப்பதுதான் குற்றமாகும்.

டிபி கணிதத்தில் 'ஏஏ' (அனாலிசிஸ் அண்ட் அப்ரோச்சஸ்), 'ஏஐ' (அப்ளிகேஷன்ஸ் அண்ட் இன்டர்ப்ரடேஷன்) என்று இரண்டு வகை. ஏஏ இயற்கணிதமும் நுண்கணிதமும் அதிகம். ஏஐ புள்ளியியலும் கால்குலேட்டரும் அதிகம். வெளிநாட்டில் பல பொறியியல் துறைகள் ஏஏ ஹெச்எல் கேட்கும். ஏஐ எளிது என்று யாரோ சொன்னதைக் கேட்டு எடுத்துவிட்டு வருந்துவோர் உண்டு.

'குரூப்' என்ற சொல்லிலும் கவனம். ஃபர்ஸ்ட் குரூப், பயோ மேத்ஸ் என்ற நம் கணக்கு இங்கே இல்லை. டிபியில் குரூப் என்பது பாடப் பிரிவு. இரண்டு மொழி, ஒரு சமூக அறிவியல், ஒரு அறிவியல், ஒரு கணிதம், ஆறாவதாகக் கலை அல்லது மற்றப் பிரிவிலிருந்து இன்னொன்று. பொறியியலுக்கு இது இடிக்காது: ஆறாவது இடத்தில் இரண்டாம் அறிவியல். நீட் எழுதத்தான் சிக்கல். இயற்பியல், வேதியியல், உயிரியல், ஆங்கிலம் நான்கும் வேண்டும். சாதாரண டிபி அமைப்பில் மூன்று அறிவியலுக்கு இடமில்லை. மருத்துவப் படிப்பின் தகுதி விதியைக் காட்டி, பள்ளி மூலமாக 'நான்-ரெகுலர் டிப்ளமா'வுக்கு முன்கூட்டியே அனுமதி கேட்க வேண்டும். ஏ லெவலில் மூன்று அறிவியல் எடுப்பது சுலபம். அங்கே விட்டுப்போவது ஆங்கிலம். பத்தாம் வகுப்பு ஐஜிசிஎஸ்இ ஆங்கிலம் போதும் என்று இருந்துவிடாமல் ஏஎஸ் அளவில் ஒன்று எடுத்து வையுங்கள்.

கேள்வியின் முதல் வினைச்சொல்

இரண்டு பாடத்திட்டத்திலும் பிள்ளைகள் அதிகம் மார்க் விடும் இடம் இது. 'கமாண்ட் டெர்ம்' அல்லது 'கமாண்ட் வேர்டு' என்று பெயர். மதுரை மல்லி விலையையே எடுத்துக்கொள்வோம்.

'ஸ்டேட்' என்றால் ஒரு வரி: மார்கழி, தை மாதங்களில் மல்லி விலை ஏறுகிறது. காரணம் எழுதினால் மார்க் ஏறாது, நேரம்தான் போகும்.

'டிஸ்கிரைப்' என்றால் வரைபடத்தில் கண்ணுக்குத் தெரிவது: எந்த மாதம் ஏறத் தொடங்கியது, எங்கே உச்சம், எப்போது இறங்கியது, எண்களோடு. இங்கும் 'ஏன்' வேண்டாம்.

'எக்ஸ்ப்ளெய்ன்' என்றால் ஏன் என்பதன் சங்கிலி. பனியில் மொட்டு குறைகிறது. மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டுக்கு வரத்து குறைகிறது. அதே நேரம் பொங்கலும் தை முகூர்த்தமும் தேவையைக் கூட்டுகின்றன. இரண்டும் சேர்ந்து விலையைத் தள்ளுகின்றன. ஒவ்வொரு கண்ணிக்கும் மார்க். நடுவில் ஒன்றை 'அதுதான் தெரியுமே' என்று விட்டால் அந்த மார்க் போகும்.

'சஜெஸ்ட்' வந்தால் புத்தகத்தில் விடை இருக்காது. தெரிந்ததை வைத்துப் பொருத்தமான காரணம் சொன்னால் போதும். 'எவாலுவேட்' வந்தால் உபரிப் பூவை சென்ட் ஆலைக்கு அனுப்பினால் விவசாயிக்கு நிலையான வருமானம் வருமா என்பது போன்ற கேள்வி. இரண்டு பக்க வாதமும் எழுதி, கடைசியில் எது கனம் என்று ஒரு தீர்ப்பும் சொல்ல வேண்டும். தீர்ப்பு இல்லாத விடை எவ்வளவு நீளமாக இருந்தாலும் மேல்மட்ட மார்க்குக்குப் போகாது.

ஸ்டேட் போர்டிலிருந்து மாறி வந்த பிள்ளைகள், தெரிந்ததையெல்லாம் தலைப்புப் போட்டு எழுதும் பழக்கத்தோடு வருவார்கள். வாரம் ஒரு பழைய தாளை எடுத்து, விடை எழுதாமல் வினைச்சொல்லை மட்டும் அடிக்கோடிட்டு, எத்தனை மார்க், எத்தனை கண்ணி என்று ஓரத்தில் குறிக்கச் சொல்லுங்கள்.

விட்டுத்தள்ளக் கூடியவை

'லேர்னர் புரொஃபைல்', 'ஏடிஎல் ஸ்கில்ஸ்', 'சென்ட்ரல் ஐடியா', 'குளோபல் கான்டெக்ஸ்ட்', 'லைன்ஸ் ஆஃப் இன்க்வைரி'. இவையெல்லாம் ஆசிரியர் பாடம் திட்டமிடும் கருவிகள். பிஒய்பி பிள்ளை 'ஹவ் வீ ஆர்கனைஸ் அவர்செல்வ்ஸ்' யூனிட் என்று சொன்னால், பூ மார்க்கெட்டுக்கோ தபால் நிலையத்துக்கோ ஒரு நாள் கூட்டிப்போய் அங்கே வேலை எப்படிப் பிரிந்து நடக்கிறது என்று கேட்க வைத்தால் போதும். சார்ட் பேப்பரில் அம்மா வரைந்து கொடுப்பது மட்டும் வேண்டாம்.

ரிசல்ட் தேதியும் அதன் பிறகும்

மே மாத ஐபி தேர்வின் ரிசல்ட் ஜூலை முதல் வாரத்தில். கேம்பிரிட்ஜ் மே–ஜூன் தேர்வின் ரிசல்ட் ஆகஸ்ட்டில். மார்ச் தேர்வுக்கு மே மாதத்தில். தமிழ்நாட்டுக் கல்லூரிக் கவுன்சலிங்கை மனதில் வைத்திருக்கிற ஏ லெவல் பிள்ளை, தன் பாடங்கள் மார்ச்சில் நடக்கின்றனவா என்று முதலிலேயே பார்க்க வேண்டும். ஆகஸ்ட் வரை காத்திருந்தால் இங்கே கதவுகள் சாத்தியிருக்கும். வெளிநாட்டு விண்ணப்பத்துக்கு 'பிரெடிக்டட் கிரேடு', அதாவது ஆசிரியர் எதிர்பார்க்கும் கிரேடு போகும். பள்ளி அதை எந்தத் தேர்வின் அடிப்படையில் போடுகிறது என்று கேட்டால், எந்தத் தேர்வைச் சும்மா விடக் கூடாது என்பது விளங்கும். இந்தியக் கல்லூரிகள் பல, இந்தியப் பல்கலைக்கழகங்கள் சங்கத்தின் சமநிலைச் சான்றிதழைக் கேட்கும். அந்தச் சங்கம் எத்தனை பாடம், என்ன கிரேடு கேட்கிறது என்று பாடம் தேர்ந்தெடுக்கும் முன்பே அதன் இணையதளத்தில் பாருங்கள். ரிசல்ட் வந்தபின் பார்த்து மாற்ற ஒன்றும் இருக்காது.

மறுமதிப்பீடு கேட்கலாம். ஐபியில் கிரேடு ஏறவும் செய்யும், இறங்கவும் செய்யும். அதனால்தான் மாணவரின் சம்மதம் வாங்குகிறார்கள். சம்மதம் சொல்லுமுன், மேல் கிரேடு எல்லைக்கும் கீழ் கிரேடு எல்லைக்கும் பிள்ளையின் மார்க் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று கோ-ஆர்டினேட்டரிடம் கேளுங்கள். மேலே ஒன்றிரண்டு மார்க் குறைவு, கீழே நல்ல இடைவெளி என்றால் போடலாம். கீழ் எல்லையை ஒட்டி நின்றால் பேசாமல் விட்டுவிடுவது நல்லது.